சீனி போடாத தேத்தண்ணி கேட்பது குற்றமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவராவது இருந்தால் கட்டாயம் வாசியுங்கள். நம் ஊரில் அப்படி ஒருவர் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பதுதான் இப்போது கஷ்டம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் ஒருவருக்குச் சீனி கூடினால், "வாயைக் கட்டத் தெரியாது" என்று அவருடைய தலையில் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் எழும்பிப் போகிறோம். அந்த வாய்க்குள் சீனியைத் திணித்த கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்யாண வீட்டில், கந்தூரியில், ஆசிரியர் ஓய்வறையில், தேத்தண்ணிக் கடையில், பள்ளிவாசல் இஃப்தாரில், பெருநாள் அன்று மாமி வீட்டில் சீனி இல்லாத ஒரு கோப்பையைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு நோயாளி போராட வேண்டியிருக்கிறது. அந்தப் போராட்டம் ஏன் என்பதுதான் நமது கேள்வி.

"ஒரு நாளைக்குத்தானே!"

ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம் இது. "ஒரு நாளைக்குத்தானே மாமி, தின்னுங்க. ஒண்டும் செய்யாது. நாளைக்கு ஒரு குளிசை கூடப் போடுங்க."

இந்த "ஒரு நாளை" ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பார்ப்போம். நான்கு வெள்ளிக்கிழமை. குறைந்தது இரண்டு வலீமா. ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்த வீடு. ஒரு கத்தம். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போய் வந்தவர் வீடு. வெளிநாட்டில் இருந்து வந்தவர் வீடு. வீடு குடிபுகுதல். பரீட்சை முடிவு வந்த வீடு. இதோடு வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்காகச் செய்து, மிச்சமான பலகாரம். முப்பது நாளில் பதினைந்து நாள் "ஒரு நாளைக்குத்தானே" என்றாகிவிடுகிறது.

குளிசை ஒன்றைக் கூடப் போடுங்கள் என்ற யோசனை அதைவிட மோசம். மெட்ஃபோமின் வட்டிலப்பத்துக்கு எதிர்மருந்து இல்லை. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் வேலை. பக்கத்தில் இருந்து பிரியாணி தின்கிற மச்சானின் வேலை இல்லை.

தேத்தண்ணிக் கணக்கு

பலகாரத்தை எல்லோரும் குறை சொல்கிறார்கள். உண்மையான களவு தேத்தண்ணிக் கோப்பையில்தான் நடக்கிறது.

ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 5 கிராம். அதுவும் மட்டமாக வழித்த கரண்டி. நம் கடைகளில் போடுவது குவித்த கரண்டி. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று வையுங்கள். சுபஹுக்குப் பிறகு ஒன்று, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, அஸருக்குப் பிறகு ஒன்று, கடைச் சந்தியில் கூட்டாளிமாரோடு ஒன்று, இஷாவுக்குப் பிறகு ஒன்று. ஆறு கோப்பை, 12 கரண்டி, 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்த்துக்கொள்ளும் சீனி ஒரு நாளைக்குச் சராசரியாக 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 25 கிராமுக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது. இது வருத்தம் இல்லாதவருக்கும் சேர்த்துச் சொன்ன அளவு. ஒரு பலகாரமும் தொடாத நம்மவர், வெறும் தேத்தண்ணியிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

பால் தேத்தண்ணி என்றால் கதை வேறு. கடையில் டின் பால் ஊற்றுகிறார்கள். டின் பாலில் பாதிக்கு மேல் சீனிதான். "சீனி போடாதீங்க" என்று சொல்லி டின் பால் தேத்தண்ணி குடிப்பவர் தன்னைத் தானே ஏமாற்றுகிறார். "மோல்ட் குடிச்சா சத்து" என்று வயதான உம்மாமாருக்குக் கரைத்துக் கொடுக்கிற மோல்ட் மா வகைகளிலும் பெரும்பாலும் சீனி சேர்த்தே இருக்கிறது. பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைப் பாருங்கள். பொருட்களின் பட்டியலில் எது முன்னால் எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் கூடுதலாக இருக்கிறது.

மாற்று என்ன? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி. கொத்தமல்லித் தண்ணி. ஏலம், கறுவா போட்ட தேத்தண்ணி. சீனி சேர்க்காத பால் கொஞ்சம் ஊற்றிய தேத்தண்ணி. உப்பும் தேசிக்காயும் போட்ட மோர் (பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் குறைக்கவும்). எல்லாவற்றுக்கும் முதல், தண்ணீர். சீனியை ஒரேயடியாக விட முடியாதவர் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கட்டும். இரண்டு வாரம் போக ஒன்றாக்கட்டும். நாக்கு பழகும். சில வாரத்துக்குப் பிறகு பழைய தேத்தண்ணியைக் கொடுத்தால் அந்த நாக்கே "இதென்ன பாணியா?" என்று கேட்கும்.

கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம்

இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

"சீனிதான் கூடாது, கித்துள் கருப்பட்டி நல்லது" என்று ஊர் முழுக்க நம்புகிறது. கருப்பட்டியில் சில கனிமங்கள் இருப்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி சீனிதான். இரத்தத்துக்குள் போன பிறகு அது கித்துள் மரத்தில் இருந்து வந்ததா, கரும்பில் இருந்து வந்ததா என்று உடம்பு விசாரிப்பதில்லை. போதாததற்கு, சந்தையில் கித்துள் என்ற பெயரில் விற்பதில் சீனி கலந்தவையும் உண்டு என்பது நாடறிந்த விடயம். சீனியைக் கைவிட்டு, உள்ளங்கையில் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்துக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடிக்கிறவர் சீனியை விடவில்லை. அதன் நிறத்தை மாற்றியிருக்கிறார். எருமைத் தயிர் நல்லது. அதன் மேல் ஊற்றுகிற பாணிக்கும் இதே தீர்ப்புத்தான்.

தேனைப் பற்றிப் பேசினால் மார்க்கத்தை இழுக்கிறார்கள். தேனில் நிவாரணம் இருக்கிறது என்பதை நாம் நம்புகிறோம். அதற்காகச் சீனி வருத்தக்காரர் காலையும் மாலையும் இரண்டு மேசைக்கரண்டி தேன் குடிக்கலாம் என்று எந்த ஆலிமும் எழுதிக் கொடுக்கவில்லை. தேனும் இரத்தச் சீனியைக் கூட்டும். மார்க்கத்தின் பெயரைச் சொல்லித் தன் ஆசைக்கு ஃபத்வா எடுப்பது தேனுக்கும் மரியாதை இல்லை, மார்க்கத்துக்கும் மரியாதை இல்லை.

பேரீச்சம்பழமும் அப்படித்தான். சிறிய பழம் ஒன்றில் ஒரு கரண்டி அளவு சீனி இருக்கும். பெரிய மெஜூல் பழம் ஒன்றிலேயே சுமார் 16 கிராம், அதாவது மூன்று கரண்டிக்கு மேல். நார்ச்சத்து இருப்பதால் அளவோடு உண்டால் பெரிய பிரச்சினை இல்லை. ஒன்று அல்லது இரண்டு சிறிய பழம் என்பது அளவு. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கதைத்துக் கதைத்து ஏழெட்டு எடுப்பது அளவு இல்லை.

கிளாஸிலும் போத்தலிலும் வருவது

குடிக்கிற சீனி, தின்கிற சீனியை விட வேகமாக இரத்தத்தில் ஏறும். மெல்லத் தேவையில்லை, நார் இல்லை, வயிறு நிறைந்த உணர்வும் வராது. சோற்றைக் குறைக்கத் தெரிந்தவர்கள்கூடத் தோற்பது இங்கேதான்.

போத்தல் பானங்களுக்கு 2016 ஓகஸ்ட்டில் இருந்து நம் நாட்டில் நிறக்குறி வந்தது. அறிமுகமானபோது 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்குத் தெரியாவிட்டால் அதுவும் ஏமாற்றும். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் உள்ள பானம் அந்த அளவுகோலில் மஞ்சள். 400 மில்லிலீற்றர் போத்தலை ஒருவரே குடித்தால் 40 கிராம், அதாவது 8 கரண்டி. "சிவப்பு இல்லையே" என்று திருப்திப்பட இதில் என்ன இருக்கிறது? நிறத்தைப் பார்த்த பிறகு பக்கத்தில் இருக்கிற எண்ணையும் போத்தலின் அளவையும் பெருக்கிப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு.

பலூதாவுக்கு எந்த நிறக்குறியும் இல்லை. இருந்தால் எந்த நிறம் என்று சொல்லத் தேவையில்லை. ரோஸ் சிரப், சீனி போட்ட பால், ஜெலி, அதன் மேல் ஐஸ்கிரீம். கசகசா குளிர்ச்சிதான், ஆனால் அது மிதக்கிறது சீனித் தண்ணியில். ஒரு பெரிய கிளாஸில் எட்டுப் பத்துக் கரண்டி சீனி இலகுவாகப் போய்விடும். கசகசாவை வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேசிக்காய் பிழிந்து குடிக்கலாம். வெயிலுக்கும் நல்லது.

பழச்சாறு இன்னொரு பொறி. "நாங்க சீனி போடல்ல, பழம் மட்டும்தான்" என்பார்கள். மூன்று தோடம்பழத்தின் சாறு ஒரே மூச்சில் உள்ளே போகிறது, நார் குப்பைக்குப் போகிறது. தோடம்பழம் ஒன்றைச் சுளையாகத் தின்னுங்கள். பப்பாசியில் ஒரு துண்டு, கொய்யாவில் ஒன்று. பழம் எதிரி இல்லை, பழத்தைப் பிழிந்து கிளாஸில் ஊற்றுவதுதான் சிக்கல்.

செவ்விளநீர், சோடாவோடு ஒப்பிட எவ்வளவோ மேல். ஆனால் அதிலும் இயற்கைச் சீனி இரண்டு மூன்று கரண்டி அளவு இருக்கிறது. எப்போதாவது ஒன்று போதும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் அதில் உள்ள பொட்டாசியம் காரணமாக வைத்தியரைக் கேட்காமல் குடிக்கவே வேண்டாம்.

"சுகர் ஃப்ரீ" என்று எழுதிய பிஸ்கட்டைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீனி இல்லை, சரி. கோதுமை மா இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. மாவும் உடம்பில் சீனியாகத்தான் மாறும். தேத்தண்ணிக்குப் போடுகிற இனிப்புக் குளிசைகள் சீனியை உடனே ஏற்றுவதில்லை. பழக்கத்தை மாற்றும் வரை ஒரு ஊன்றுகோலாக வைத்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க ஊன்றுகோலோடு நடக்க வேண்டுமா என்பதை அவரவர் யோசிக்கட்டும்.

மறுபக்கத்து அநியாயம்

இதுவரை வாசித்து, "சரியாச் சொன்னீங்க, சீனி வருத்தக்காரர் ஒண்டையும் தொடக்கூடாது" என்று தலையாட்டுகிறவர்களும் கேளுங்கள். நீங்களும் குற்றவாளிகளே.

ஒரு முதியவர் பெருநாள் அன்று வட்டிலப்பத்தில் ஒரு சின்னத் துண்டு எடுக்கிறார். உடனே மருமகள் தொடங்கி எட்டு வயதுப் பேத்தி வரை, "மூத்தப்பா! உங்களுக்குச் சீனி!" என்று சபையில் கத்துகிறார்கள். அவர் கை கூசிப் பின்வாங்குகிறது. அன்று இரவு, எல்லோரும் உறங்கிய பிறகு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒளித்துத் தின்கிறார். ஒளித்துத் தின்கிறவர் அளவோடு தின்பதில்லை. இந்த ஒளிப்பை உண்டாக்கியது யார்?

சீனி வருத்தம் என்பது இனிப்பு என்ற சொல்லையே அழிக்கிற தண்டனை இல்லை. பத்து முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி போடுகிற வீடுகள் உண்டு. அதைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கில் 40 கிராமுக்கு மேல் கருப்பட்டி. அந்த முழுப் பங்கு வேண்டாம். அதில் மூன்றில் ஒன்றை, சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த நேரத்துச் சோற்றைக் குறைத்துவிட்டு, மெதுவாக, எல்லோரோடும் இருந்து, மரியாதையாகத் தின்னட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரே நாளில் தொதல், மஸ்கட், வட்டிலப்பம் மூன்றும் வேண்டாம். விருப்பமான ஒன்றைத் தெரிவு செய்யட்டும். குளுக்கோமீற்றர் இருந்தால் இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்திப் பார்க்கட்டும். எது எவ்வளவு ஏற்றுகிறது என்பதை அந்த எண் அவருக்குச் சொல்லிக் கொடுக்கும். நம் உபதேசத்தை விட அந்த எண் நல்ல ஆசிரியர்.

மறைப்பதால் வரும் கேடு

இன்னொன்றை மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் முப்பது வயதிலேயே சீனி வந்தவர்கள் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் சீனி வந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. "குமருக்குச் சீனி எண்டு தெரிஞ்சா ஆரு முடிப்பாங்க?" "மாமியார் வீட்டில தெரியக்கூடா." வருத்தத்தை மறைத்தவர் நீட்டுகிற கோப்பையை எந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பார்? சிரித்துக்கொண்டே குடிக்கிறார். கிளினிக்குக்கும் வேறு ஊருக்குப் போகிறார், அல்லது போவதே இல்லை.

2005–2006 காலத்தில் நடந்த தேசிய ஆய்விலேயே இந்த நாட்டின் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தமோ அதற்கு முந்திய நிலையோ இருப்பது கண்டறியப்பட்டது. ஐந்தில் ஒருவருக்கு இருப்பதை வெட்கமாக வைத்திருப்பது என்ன நியாயம்? நாம் வெட்கப்பட வேண்டியது, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் டயாலிசிஸ் நோயாளிக்காகத் துண்டு விரித்து வசூல் செய்துவிட்டு, அதே பள்ளிவாசல் நிகழ்ச்சியில் சர்பத்தைத் தவிர வேறொன்றும் வைக்காமல் இருப்பதற்கு. ஒரு காலை இழந்தவருக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்க ஊர் ஒன்று சேர்கிறது, மாஷா அல்லாஹ். அந்தக் கால் இருந்தபோது ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியை ஊரால் கொடுக்க முடியவில்லை.

சீனி உயிர் காக்கும் நேரம்

இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதிவு ஆபத்தானதாகிவிடும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைக் குளிசை போடுகிறவர்களுக்கும் சீனி திடீரென்று குறையலாம். வியர்வை, நடுக்கம், கண் மங்கல், தடுமாறிய பேச்சு. அப்போது "சீனி கூடாது" என்ற உபதேசத்தைப் பெட்டியில் பூட்டுங்கள். மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் சுகம் இல்லையென்றால் மறுபடியும் கொடுங்கள். சுகமானதும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். சொக்லட் தேட வேண்டாம், அதன் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 1990க்கு அழையுங்கள்.

நோன்பு காலத்தில் இது இன்னும் முக்கியம். நோன்பு வருவதற்கு முன்பே கிளினிக்கில் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் ஒழுங்கு செய்யுங்கள். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் வைத்திய ஆலோசனை. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து மறுப்பது பக்குவம் இல்லை. நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. சர்பத்தும் ரோல்ஸும் சமோசாவும் சுன்னத்தின் பட்டியலில் இல்லை.

நாம் கேட்பது

பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. காசும் தேவையில்லை.

1. வீட்டிலும் கடையிலும் தேத்தண்ணியைச் சீனி போடாமல் கொடுங்கள். சீனியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். "உங்களுக்குச் சீனியா?" என்று சபையில் கேட்கும் தேவையும் இருக்காது.

2. வலீமா மேசைகளில் தண்ணீர்ப் போத்தல் எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். வரவேற்புப் பானத்தில் சீனி இல்லாத ஒன்றும் இருக்கட்டும். புடிங்குக்குப் பக்கத்தில் வெட்டிய பழம் இருக்கட்டும்.

3. ஒருவர் "வேணாம்" என்றால், ஒரு தரம் சொன்னது போதும். இரண்டாம் தரம் வற்புறுத்துவது உபசாரம் இல்லை.

4. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அது அதிபரின் கோப்பில் உறங்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர்களினதும் பெற்றோரினதும் கடமை. பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க டொபி பங்கிடுவதற்குப் பதிலாக ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்புங்கள்.

5. பள்ளிவாசல் நிர்வாகங்கள் இந்த முறை இஃப்தாரில் சர்பத்தைக் குறைத்துத் தண்ணீரையும் சீனி போடாத கஞ்சியையும் முதன்மையாக்கட்டும்.

6. 35 வயது தாண்டியவர்கள் அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சீனியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் வாயைக் கட்டி வைத்தியரை ஏமாற்ற வேண்டாம். எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதக் கதையையும் சொல்லிவிடும்.

"இதெல்லாம் நம்மட பண்பாடு, மாத்த ஏலா" என்று சொல்பவர்களுக்கு: விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது நம் பண்பாடு. அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. வெள்ளைச் சீனி குவித்த கரண்டி பண்பாடு இல்லை, பழக்கம். பழக்கத்தை மாற்றலாம்.

கருத்துப் பகுதியில் சண்டை பிடிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இன்று அஸருக்குப் பிறகு உங்கள் வீட்டு உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சீனி போடாமல் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றுங்கள். அவர்களுக்கு மட்டும் இல்லை, வீட்டில் எல்லோருக்கும் அதையே ஊற்றுங்கள். தனியாக ஒரு கோப்பை வைத்தால் அது மருந்து. எல்லோரும் குடித்தால் அது தேத்தண்ணி.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.